பாதியில் நின்ற பக்கம்

அத்தியாயம் 5

“மச்சினி, ஒண்ணு கேக்கவா?”

“வேணாம் அத்தான்.”

“அப்ப கேட்டுடறேன். கொலை இல்ல, கொள்ளை இல்ல, யாரும் யாரையும் இழுத்துக்கிட்டு ஓடல. செத்ததெல்லாம் முட்டைக்குள்ள இருந்த கோழிக்குஞ்சுங்க. இதுக்கு எதுக்குத் துப்பறியற ஆளு? ஆம்லெட் போடற ஆளைக் கூப்பிட்டிருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்குமே?”

அவள் கார்க் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முந்தைய நாள் முழுக்க ஒரே ஒரு பட்டனோடு மல்லுக்கட்டியதில் கண் இரண்டும் காந்தின.

அவளுடைய பிழைப்பு அப்படி. கம்ப்யூட்டர் திரையில் நாம் பார்க்கிற ஜன்னல், பட்டன், எண் கட்டம் இதையெல்லாம் நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்வதில்லை. யாரோ செய்து வைத்த தொகுப்பை எடுத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். அப்படி ஒரு லைப்ரரிக்கு வைத்தியம் பார்க்கிறவள் அவள். கம்ப்யூட்டரை இயக்குகிற சிஸ்டங்கள் ஊரில் மூன்று விதமாகப் புழங்குகின்றன. மூன்றிலும் ஜன்னல் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது லைப்ரரியின் வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள். ஒன்றுக்கு இருமலை நிறுத்தினால் இன்னொன்றுக்குத் தும்மல் வரும். அதைத் துடைத்துக்கொண்டே அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்று சொல்லி யாரையாவது மாட்டிவிடுகிற இடங்களுக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தது தற்செயல்தான். அதற்கு விசிட்டிங் கார்டு அச்சடித்து, ‘துப்பறியும் நிறுவனம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது அத்தான். அத்தான் அவளுடைய அக்கா கணவர். சோப்பு விற்கும் வேலையை அவர் விட்டுவிட்டார் என்பது அவர் கட்சி. வேலைதான் அவரை விட்டது என்பது அக்காவின் கட்சி. எப்படியோ, கார் ஓட்டுகிற பொறுப்பும் வாய் ஓயாமல் பேசுகிற பொறுப்பும் அவர் தலையில் விழுந்தன. இரண்டாவதை அவர் மனமுவந்து செய்தார்.

“வந்தாச்சு. இறங்கு. தூங்கு மூஞ்சியோட உள்ள போனா பீஸைக் குறைச்சுடுவாங்க.”

குஞ்சு பொரிப்பகத்தின் முதலாளியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, இறுக்கிப் போட்ட கொண்டை, அதைவிட இறுக்கமான உதடு. கணவன் இறந்த பிறகு தொழிலைத் தூக்கி நிறுத்தியவள் என்று சொன்னார்கள். பார்த்தாலே தெரிந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“கம்ப்யூட்டர் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். மத்ததை போலீஸ் பாத்துக்கும். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு.”

“யார் மேல புகார்?”

“என் கொழுந்தன் மேல.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. ஆனால் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடி வைத்தாள்.

கதை இதுதான். பொரிப்பகத்தின் ஹாலில் அலமாரி அலமாரியாக அடைகாக்கும் மெஷின்கள். எல்லாவற்றின் சூட்டையும் ஹாலில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சொல்லி வைக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் கொழுந்தனின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மெஷினின் சூட்டு அளவு சரசரவென்று குறைந்திருக்கிறது. அதே மத்தியானம் கொழுந்தன் சாப்பிட்டுவிட்டு, அப்படியே பழுதான விசிறிக்கு மோட்டார் வாங்க வெளியூர் போய்விட்டான். காவலுக்கு இருந்த ஆளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை விளக்கு எரிகிறதா என்பது மட்டும். விளக்கு பச்சையாகவே எரிந்தது. மறுநாள் கொழுந்தன் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது உள்ளே எல்லாம் ஜில்லிட்டுக் கிடந்தது.

“சூடு குறைஞ்சும் விளக்கு ஏன் பச்சையாவே இருந்துச்சு?” என்று கேட்டாள் அவள்.

“நாம சொன்ன சூடும் உள்ள இருக்கிற சூடும் ஒண்ணா இருந்தா பச்சை. வேற வேறயா இருந்தா சிவப்பு. சொன்ன சூட்டையே மாத்திட்டா, அது என்ன பண்ணும் பாவம்?”

“ரொம்ப கீழ்ப்படிஞ்ச மெஷின்” என்றார் அத்தான். “வீட்டுல என்னை மாதிரி.”

முதலாளியம்மா சிரிக்கவில்லை. “அவருக்கு வேற பொரிப்பகத்துலேர்ந்து அழைப்பு வந்திருக்குன்னு காதுல விழுந்துச்சு. போற போக்குல கெடுத்துட்டுப் போறாரு. கம்ப்யூட்டர்ல அவர் பேருலதான் பதிவாகியிருக்கு. ஹாலுக்குள்ள அவரைத் தவிர யாரும் கம்ப்யூட்டரைத் தொடறதில்ல. நான் அந்தப் பக்கமே போறதில்ல. அது அவர் ராஜ்யம்.”

மச்சினி சோர்வோடு நாற்காலியில் சாய்ந்தாள். எல்லாம் பொருந்தி வருகிற வழக்கு என்றாலே அவளுக்குச் சந்தேகம் வரும்.

“சூடு ஏறிப் போனா குஞ்சுக்கு என்ன ஆகும்?”

“கொஞ்ச நேரத்துல செத்துடும்.”

“குறைஞ்சு போனா?”

“சோர்ந்து கிடக்கும். ரொம்ப நேரம் விட்டாத்தான் சாகும். நடுவுல யாராவது பாத்துட்டா பாதி பிழைச்சுடும்.” சொல்லிவிட்டு முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் கேக்கறீங்க?”

“உங்களுக்கே தெரிஞ்சது உங்க கொழுந்தனுக்குத் தெரியாதா?”

அத்தான் விரலைச் சொடுக்கினார். “அதானே! கெடுக்கணும்னு வந்தவன் அடுப்பைக் கூட்டாம எதுக்கு அணைச்சுட்டுப் போகணும்? தொழில் தெரிஞ்ச வில்லன் இல்லயே இவன்.”

“கோவத்துல இருக்கிறவனுக்குக் கணக்கு ஏது?” என்றாள் முதலாளியம்மா. ஆனாலும் பேனா மூடி மறுபடி கழன்றது.

முதலாளியம்மாவின் மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதே நிரல், அதே பக்கங்கள். மச்சினி அதன் முன் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் பார்த்தாள். சூட்டு அளவு ஒரே தாவலில் கீழே போகவில்லை. அரை அரை டிகிரியாக, கண் இமைக்கிற நேரத்துக்குள், படிக்கட்டில் உருண்டு விழுந்ததைப் போல இறங்கியிருந்தது. கையால் எண்ணைத் தட்டுகிறவன் இப்படி இறங்க மாட்டான். வேண்டிய எண்ணை ஒரேயடியாக அடித்துவிட்டு எழுந்து போவான்.

உருண்டதென்றால் உருட்டியது எது? அவள் பார்வை கைக்கு அடியிலிருந்த மவுஸின் முதுகில் போய் நின்றது. நடுவில் சின்னதாக ஒரு சக்கரம். பக்கத்தைத் திறந்து சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் உருட்டினாள். பக்கம் வழுக்கிக்கொண்டு மேலே போனது. எண் கட்டங்களின் மேல் அம்புக்குறி ஊர்ந்தபோதும் எந்த எண்ணும் அசையவில்லை. பத்து விதமாக உருட்டிப் பார்த்தாள். சமர்த்தாக இருந்தது.

“நான்தான் சொன்னேனே” என்றாள் முதலாளியம்மா.

மச்சினி வெளியே வந்து நிரல் எழுதியவருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஓர் உற்சாகமான குரல்.

“சான்ஸே இல்ல மேடம். எங்க ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் டெஸ்ட் பண்ணியாச்சு.”

“எல்லா மெஷின்லயும் ஒரே சிஸ்டம்தானே?”

“ஆமா.”

“பொரிப்பக ஹால்ல ஒரு கம்ப்யூட்டர் வெச்சீங்களே, அதுலயும் அதே சிஸ்டமா?”

குரலில் உற்சாகம் இறங்கியது. “அது வேற மேடம். இலவசமா கிடைக்கிற சிஸ்டம். ஆனா லைப்ரரி ஒண்ணுதானே? எல்லா சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி ஓடும்னு லைப்ரரிக்காரங்களே சொல்லியிருக்காங்களே!”

“சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி” என்றாள் அவள். “அதனாலதான் நம்பாதீங்கன்னு சொல்றேன். இன்னொண்ணு கேக்கணும். எண்ணை மாத்தினா ‘சேமி’ன்னு பட்டன் எதையும் அழுத்த வேணாமா?”

“அதைப் போன வாரம்தான் எடுத்துட்டோம் மேடம். ஹால்ல இருக்கிறவங்க கையெல்லாம் மருந்துத் தண்ணி. பட்டனை அழுத்த மறந்துடறாங்க, மாத்தினது மாறாம போயிடுதுன்னு புகார். இப்ப எண் மாறினாலே போதும், மெஷினுக்குப் போயிடும். அவங்களுக்கு ரொம்ப சௌகரியம்.”

“யாருக்கோ சௌகரியமா போச்சு” என்று போனை வைத்தாள்.

அத்தான் காரில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். “மச்சினி, எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சுச்சு. உங்க ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுல பாம்பு இல்லன்னு பாத்துட்டு, அடுத்தவன் வீட்டுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம். “வாங்க அத்தான். பாம்பு இருக்கிற வீட்டுக்குப் போவோம்.”

ஹாலுக்குள் நுழைய ஒரு முறை இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, அங்கே அடுக்கி வைத்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை முக்கி எடுத்துத்தான் போக வேண்டும். உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. விசிறிகளின் இரைச்சல், ஈரச் சிறகும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை. ஒரு மெஷின் மட்டும் கதவு திறந்து, தட்டுகள் கழுவி, காலியாக நின்றது. அதன் பக்கத்தில் ஒரு துணிப் பை, நிறைய அடைத்துக் கட்டியிருந்தது.

கொழுந்தன் ஒல்லியான மனிதன். முழங்கை வரை ரப்பர் கையுறை. அவர்களைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினான்.

“பை ரெடியா இருக்கே” என்றார் அத்தான்.

“எப்படியும் போகத்தானே போறேன். ஸ்டேஷனுக்கோ, வேற எங்கயோ.”

“நீங்க செஞ்சீங்களா?” என்று அவள் நேராகவே கேட்டாள்.

“இல்ல.” அவ்வளவுதான் பதில். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவனின் பதிலாக அது இல்லை.

“அந்தக் காலி மெஷினோட பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க.”

கொழுந்தன் கையுறையோடேயே விசைப்பலகையின் முன் நின்றான். தட்டு, தட்டு, தட்டு. கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவி, கேட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அவன் கை மவுஸைத் தேடவே இல்லை. மவுஸ் திரைக்குப் பின்னால், வயரைச் சுற்றி ஒதுக்கி வைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

மவுஸை முன்னால் எடுத்து வைத்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

“நீங்க உக்காருங்க.”

“நானா? எனக்கு இதைப் பத்தி ஒரு எழவும் தெரியாதே!”

“அதுக்குத்தான். தெரிஞ்சவங்க கண்ணு முன்னாடி இந்தப் பிழைங்க தலையைக் காட்டாது. நான் போய் நின்னா ஒளிஞ்சுக்கும். உங்களைப் பாத்தா அதுக்குப் பயம் இருக்காது. அந்தப் பக்கத்தோட அடியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, போதும்.”

“ஆராய்ச்சிக்கு எலி கிடைக்கலன்னு அக்கா புருஷனைப் பிடிச்சியா?” என்று புலம்பிக்கொண்டே அத்தான் உட்கார்ந்தார். சக்கரத்தை உருட்டினார். பக்கம் நகர்ந்தது. மெஷினின் பேர் போனது, தட்டுகளின் கணக்கு போனது. திடீரென்று பக்கம் நின்றுவிட்டது. அத்தான் இன்னும் வேகமாக உருட்டினார். நகரவில்லை. எரிச்சலோடு மவுஸை ஓர் ஓரமாகத் தள்ளி உருட்டினார். மறுபடி நகர்ந்தது.

“அடியில ‘பதிப்புரிமை’ன்னு போட்டிருக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?”

“மேல போய்ப் பாருங்க. பக்கம் எங்க நின்னுச்சு?”

அத்தான் அம்புக்குறியை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு மேலே உருட்டினார். சூட்டு அளவுக் கட்டத்தைப் பார்த்ததும் அவருடைய வாய் தானாக மூடிக்கொண்டது. முப்பத்தேழரையில் இருந்த எண் முப்பத்திரண்டில் நின்றது. பக்கத்தில் பச்சை விளக்கு வெகுளியாக எரிந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் பண்ணல மச்சினி! சத்தியமா! எதையும் தொடவே இல்ல, படிக்கத்தான் உருட்டினேன்!”

“தெரியும். ஞாயித்துக்கிழமை உருட்டினவங்களும் அதையேதான் சொல்லுவாங்க.”

அவள் விளக்கினாள். எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்கு விளக்கியது என்பதால் குரலில் பெருமை எதுவும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரின் சிஸ்டத்தில், கடைசியாகக் கிளிக் செய்த கட்டத்துக்குத்தான் சக்கரம் கட்டுப்படும். எதையும் கிளிக் செய்யாவிட்டால் பக்கம்தான் நகரும். ஹாலில் இருக்கிற சிஸ்டத்தின் பழக்கம் வேறு. அம்புக்குறிக்கு அடியில் எது வந்து நிற்கிறதோ, சக்கரம் அதற்குச் சொந்தம். பக்கம் நகர்ந்து நகர்ந்து, சூட்டுக் கட்டம் அம்புக்குறிக்கு அடியில் வந்த நொடியில், உருட்டல் எல்லாம் அந்த எண்ணுக்குப் போய்விடும். பக்கம் நின்றுவிடும், எண் இறங்கும். பார்ப்பவர் கண் பக்கத்தின் அடியைத் தேடிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்தைச் சமன் செய்து வைக்க வேண்டியது லைப்ரரி. வைக்கவில்லை.

“சரி பண்ண முடியுமா?” என்றார் அத்தான். முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

“திருத்தறது சின்ன வேலை. கிளிக் பண்ணாத கட்டம் சக்கரத்தைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது, பக்கத்துக்கு விட்டுடணும். அதை எழுதிட்டு மூணு சிஸ்டத்துலயும் ஓட்டிப் பாக்கணும். அப்புறம் உருட்டினா எண் மாறலயேன்னு கேட்டுக்கிட்டு வேற யாராவது வருவாங்க.” கண்ணைக் கசக்கிக்கொண்டாள். “அது இருக்கட்டும். யாரு உருட்டினதுன்னு தெரியணும்.”

“நான்தான்” என்றான் கொழுந்தன்.

இருவரும் திரும்பினார்கள்.

“நான்தான் உருட்டியிருப்பேன். கவனிக்கல. வேணும்னு செஞ்சது இல்லன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க. வேலையை விட்டுப் போயிடறேன். இதோட முடியட்டும்.”

“இப்பத்தானே இல்லன்னீங்க?”

“இப்படி நடக்கும்னு தெரியாம சொன்னேன்.”

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். சோர்ந்த மனிதனை இன்னொரு சோர்ந்த மனுஷிக்கு அடையாளம் தெரியும். “நீங்க மவுஸைத் தொடறதே இல்ல” என்றாள் மெதுவாக. “கையுறை ஈரத்துல அது வழுக்கும். வயரைச் சுத்தி பின்னாடி போட்டு வெச்சிருக்கீங்க. நீங்க இந்தப் பக்கத்துல அடிவரைக்கும் போனா ஒவ்வொரு கட்டமா தட்டித்தான் போவீங்க. அப்படிப் போனா எண் இறங்காது.”

கொழுந்தன் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தான். விரல் விரலாக, தேவைக்கு மேல் மெதுவாக.

“உங்க பேருல திறந்து கிடந்த கம்ப்யூட்டர்ல வேற யாரோ உக்காந்திருக்காங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது.”

“பொய் சொல்ல வராதவங்க அதுக்கு முயற்சியே பண்ணக் கூடாது சார்” என்றார் அத்தான். “எங்க கம்பெனியில அதுக்குத் தனி ஆளு இருக்கேன்.”

அதற்குள் வெளியே பூட்ஸ் சத்தம். முதலாளியம்மா உள்ளே வந்தாள். இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. கொழுந்தன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. திறந்து கிடந்த காலி மெஷினின் பக்கமும் திரும்பவில்லை.

“முடிஞ்சுதா? கம்ப்யூட்டர் சரியா இருக்கா இல்லயா?”

“நீங்களே பாருங்க” என்றாள் அவள். எண்ணைப் பழையபடி முப்பத்தேழரைக்குக் கொண்டுவந்து, பக்கத்தின் தலைப்புக்குப் போனாள். “இது உங்க ஆபீஸ்ல இருக்கிற அதே பக்கம்தான். நான் உருட்டறேன், நீங்க கவனிங்க.”

அவள் சக்கரத்தை நிதானமாக உருட்டினாள். மெஷினின் பேர் மேலே போனது. தட்டுகளின் கணக்கு போனது.

“இப்ப நின்னுடும் பாருங்க” என்றாள் முதலாளியம்மா. “இந்தச் சனியன் பிடிச்ச மவுஸ் எப்பவும் இந்த இடத்துல வந்து சண்டித்தனம் பண்ணும். ஓரமா தள்ளி உருட்டினாத்தான் நகரும்.”

பக்கம் நின்றது.

அவள் சக்கரத்திலிருந்து விரலை எடுத்தாள். அத்தான் தரையைப் பார்த்தார்.

“உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பக்கம் எங்கயும் நிக்காதும்மா” என்றாள் அவள். குரலில் வெற்றி துளியும் இல்லை. இந்த இடத்துக்கு வராமல் இருந்திருக்கலாமே என்றுதான் அவளுக்கு இருந்தது. “இங்க மட்டும்தான் நிக்கும். இங்க உக்காந்து உருட்டினவங்களுக்குத்தான் அது தெரியும். எண்ணைப் பாருங்க.”

முதலாளியம்மா பார்த்தாள். எண் இறங்கியிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“நான் எதையும் மாத்தலையே. ஒரு கட்டத்தைக்கூட அழுத்தலையே. பாத்தேன்... பாத்துட்டுப் போனேன், அவ்வளவுதான்.”

“‘சேமி’ பட்டன் இருந்த வரைக்கும் நீங்க உருட்டினது மெஷினுக்குப் போகல, போன வாரம் அதை எடுத்துட்டாங்க. பாக்கத்தான் வந்தீங்க. தெரியும்.”

“அவர் சாப்பிடப் போற நேரமா வருவேன். எல்லாம் சரியா வெச்சிருக்காரான்னு...” மெஷின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாளும் இறுக்கி வைத்திருந்த உதடு நடுங்கியது. “தப்பு பண்ணிடுவாரோன்னு பாக்க வந்தேன். நானே பண்ணிட்டுப் போயிருக்கேன்.”

கொழுந்தன் கழற்றிய கையுறையை மடித்து மேசை ஓரத்தில் வைத்தான்.

முதலாளியம்மா அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். “தம்பி, நான் வந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவீங்க அண்ணி. நான் பின்னாடி ஒதுக்கிட்டுப் போற மவுஸ் திரும்பி வந்தா முன்னாடி இருக்கும்.”

“தெரிஞ்சுமா சொல்லல? போலீஸுன்னு சொன்ன அப்புறமும் வாயைத் திறக்கலையே! நான் உங்களைத் திருடன் மாதிரி நிக்க வெச்சேனே!”

“நீங்க வந்தீங்கன்னு சொன்னா, எதுக்கு வந்தாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்.”

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “பூட்டி வெச்சிட்டுப் போயிருக்கலாமே அதை. உங்க பேருல திறந்து போட்டுட்டுப் போனதாலதானே இவ்வளவும்?”

கொழுந்தன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

“பூட்டினா நீங்க என்கிட்ட வந்து கேட்டுத்தான் பாக்கணும். அண்ணன் போன அப்புறம் நீங்க யாருகிட்டயும் போய் நின்னு எதையும் கேக்கறதில்ல. அதான், நீங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்னு திறந்து வெச்சிட்டுப் போவேன்.”

அத்தான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு மெஷினின் பச்சை விளக்கை வெகு அக்கறையாக ஆராய ஆரம்பித்தார்.

முதலாளியம்மாவின் கையில் போன் ஒலித்தது. எடுத்தாள். “வர வேணாம் சார். புகார் இல்ல. யார் மேலயும் இல்ல. ஆமா, தெரிஞ்சு போச்சு, நான்தான்.” வைத்தாள். அந்த ‘நான்தான்’ என்ற சொல்லை அவள் இதற்கு முன் யாரிடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

பிறகு துணிப் பையைப் பார்த்தாள். “அதைப் பிரிச்சு வைங்க தம்பி.”

“மத்த மெஷின்ல இருக்கிறதெல்லாம் பொரியட்டும் அண்ணி. அதுவரைக்கும் இருக்கேன். அப்புறம் பேசிக்கலாம்.”

அது சரி என்ற பதிலும் இல்லை, மாட்டேன் என்ற பதிலும் இல்லை. முதலாளியம்மா அதை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனாள். மருந்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று திரும்பினாள். ஆள் ஒரேயடியாகச் சிறுத்துப்போனவளாகத் தெரிந்தாள்.

“ஞாயித்துக்கிழமை நான் வரலாமா?”

சொந்த ஹாலுக்குள் வர அனுமதி கேட்ட அண்ணியை அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமோ வருத்தமோ, இரண்டும் சேர்ந்ததோ, அவன் முகத்திலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

“வாங்க அண்ணி. ஆனா நான் இருக்கிற நேரத்துல வாங்க.”

சொல்லிவிட்டு அடுத்த மெஷினின் கதவைத் திறந்து, முட்டைத் தட்டைப் பாதி வெளியே இழுத்துக் கையை வைத்துப் பார்த்தான். சூடு சரியாக இருந்தது.